கொக்கி இல்லாத அறை

அத்தியாயம் 9

கான்கிரீட் போடுகிற நாளுக்கு முந்தின ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய வீட்டுக்காரர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். தவசி தூங்கவில்லை. நாலரைக்கே செல்லூர் வாடகை வீட்டில் எல்லோரையும் எழுப்பி, ஆறு மணிக்குள் கடச்சனேந்தல் மனையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மனைவி இருளாயி, மகன் கருத்தக்கண்ணன், மகள் சுந்தரவல்லி, இரண்டு அண்டா, ஒரு மூட்டை அரிசி, பன்னிரண்டு கிலோ ஆட்டுக்கறி. தளம் போடும் அன்று வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடாத வீட்டுக்காரரை ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும்.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். நத்தத்தில் கட்டிக்கொடுத்த சுந்தரவல்லி, மூன்று மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு சூட்கேஸுடன் அண்ணன் கண்ணனோடு திரும்பி வந்தாள். அவள் கணவன் நல்லமணி இத்தனை நாள் எட்டிப் பார்க்கவில்லை. திடீரென்று போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை நாலு பெரிய மனுசங்களோட வாரோம், பேசி முடிச்சுக்கலாம்" என்றான். எதைப் பேசி எதை முடிப்பது என்று சொல்லாமலே போனை வைத்தும் விட்டான்.

இன்று புதன்கிழமை.

அதையெல்லாம் இன்று ஒருநாள் மறந்துவிடுவது என்று வல்லி முடிவு செய்திருந்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த வீட்டில் அவளுக்கு என்று ஒரு அறை வருகிறது. "வடகிழக்கு ரூமு உனக்குத்தான் தாயி" என்று அவள் வந்த வாரமே அப்பா சொல்லியிருந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புது வீட்டில் அறை ஒதுக்குகிற அப்பன் எத்தனை பேர்? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று மாதம் ஓட்டியிருந்தாள்.

தவசியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் எலெக்ட்ரீசியன். எல்லோரும் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் டெஸ்டர் வைப்பார். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே நாற்பது பக்க நோட்டில் வயரிங் பிளான் போட்டு முடித்துவிட்டார். மிக்ஸிக்கு ஒரு பிளக், கிரைண்டருக்குத் தனியாக ஒன்று, கேபிள் டி.வி.க்கு மேலிருந்து இறங்க ஒரு பைப், என்றைக்கோ வரப்போகிற டெலிபோனுக்கு ஒரு பைப், கிணற்று மோட்டாருக்கு அடுப்படியிலிருந்தே ஒரு சுவிட்ச். மாடிப்படிக்கு டூ-வே. கீழே போட்ட லைட்டை மேலே போய் அணைக்கலாம். அந்த டூ-வே சுவிட்சைப் பற்றி அவர் விளக்காத ஆள் செல்லூரில் பாக்கி இல்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களைக்கூட அவர் விடவில்லை.

"கட்டிட்டு அப்புறம் சுவரைக் கொத்துற வேலை எங்கிட்ட ஆகாது" என்பார். "எது வேணுமோ இப்பவே சொல்லிருங்க. தளம் போட்டாச்சுன்னா போட்டதுதான்."

ஏழு மணிக்குக் கொத்தனார் முத்திருளன் தேங்காய் உடைத்தார். கலவை மெஷின் கடகடவென்று கிளம்பியது. முதல் சட்டிக் கலவையை எடுத்து, "வீட்டுப் பொம்பள யாராச்சும் கை வைங்கம்மா" என்றார்.

இருளாயி ஒரு எட்டு முன்னால் வந்தாள். தவசி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வல்லி போடட்டும்."

மேலே நின்ற சித்தாள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் வீட்டை விட்டு வந்தவள் முதல் சட்டியா என்பது அந்தப் பார்வை. தவசி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. வல்லி ஏணியில் ஏறிப் போய்த் தென்மேற்கு மூலையில் அந்தச் சட்டியைக் கவிழ்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கீழே இறங்கியிருக்கலாம். அவள் இறங்கவில்லை. தன் அறை எங்கே வருகிறது என்று மேலிருந்து பார்க்க ஆசை. கம்பிகளுக்கு மேல் போட்டிருந்த பலகையில் கால் வைத்து மெதுவாக வடகிழக்குப் பக்கம் நடந்தாள்.

தளம் முழுக்க இரும்புத் தகடு அடித்து, அதன்மேல் கம்பி கட்டி, கம்பிக்கு நடுவே சாம்பல் நிறப் பைப்புகள் ஓடின. ஒவ்வொரு அறைக்கும் நடுவில் ஒரு வட்டப் பெட்டி, அதில் ஃபேன் மாட்ட ஒரு கொக்கி. ஹாலுக்கு இரண்டு. அப்பா அம்மா அறைக்கு ஒன்று. அண்ணன் அறைக்கு ஒன்று. சாப்பிடுகிற இடத்துக்கு ஒன்று.

அவள் அறைக்கு இல்லை.

குனிந்து பார்த்தாள். தகடு வெறுமையாக இருந்தது. அவள் அறையின் மூலையிலிருந்து ஒற்றைப் பைப் மட்டும் கிளம்பி, சுவரைத் தாண்டி, அப்பா அம்மா அறைக்குள் போய் இறங்கியது.

வயர்மேன் உபைதுல்லா பக்கத்தில் உட்கார்ந்து பைப் வாய்க்குள் கலவை போகாமல் காகிதம் அடைத்துக்கொண்டிருந்தார். நெல்பேட்டைக்காரர், தவசிக்குப் பழக்கமானவர்.

"பாய், இந்த ரூமுக்கு ஃபேன் பாக்ஸ் விட்டுப்போச்சு போல."

உபைதுல்லா நிமிரவில்லை. "விட்டுப்போகல தங்கச்சி. அண்ணே வரைஞ்சபடிதான் போட்டிருக்கேன்."

"மறந்திருப்பாக."

"மறக்குற ஆளா உங்கப்பா? நானே ரெண்டு தடவை கேட்டேன். வேணாம்னுட்டாரு."

"இந்தப் பைப்பு எதுக்கு?"

"அண்ணேகிட்டயே கேளுங்களேன்" என்றார் அவர். அதற்குமேல் காகிதம் அடைப்பதில் அவருக்கு இருந்த அக்கறை சொல்லி முடியாது.

வைகாசி மாதம். மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் தகட்டுச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. இந்த ஊரில் ஃபேன் இல்லாத அறையில் மனுஷன் படுக்க முடியாது. சாமான் போட்டு வைக்கலாம். ஃபேன் இல்லை என்றால் அது சாமான் அறை.

வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பேசி முடிக்கிறார்கள். என்னை அனுப்பி வைக்கப் போகிறார்கள். எல்லாம் தீர்மானமாகிவிட்டது, எனக்குத்தான் தெரியாது. வல்லிக்கு இப்படித்தான் ஓடியது. நீங்களோ நானோ அந்த இடத்தில் நின்றிருந்தாலும் வேறு மாதிரி ஓடியிருக்காது.

கீழே கண்ணன் சிமெண்ட் மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். செல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன், இன்றைக்குப் பட்டறைக்கு லீவு.

"அண்ணே, எனக்கு இந்த வீட்ல ரூமு உண்டா இல்லையா?"

"காலங்காத்தால என்னத்தா பேச்சு? அதான் வடகிழக்கு ரூமு."

"ஃபேன் இல்லையே."

கண்ணனின் கை மூட்டை மேல் அப்படியே நின்றது. ஒரு நொடிதான். "டேபிள் ஃபேன் வச்சுக்கலாம். அதுதான் காத்து நல்லா வரும்."

"அப்ப உனக்கும் டேபிள் ஃபேனே வச்சுக்க வேண்டியதுதான?"

"வல்லி, வேலை நேரத்துல உசுர வாங்காத. போ, போயி ஆத்தாளுக்கு வெங்காயம் உரிச்சுக் குடு."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதமாகவே அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முத்திருளனிடம் போய், "வடகிழக்கு ரூமுக்கு எப்பண்ணே கலவை வரும்?" என்று கேட்டாள்.

"அதுதாம்மா கடைசி. ரெண்டு மணி ஆயிரும்."

"நடுவுல நிப்பாட்டலாமா?"

"ஆத்தாடி!" அவர் பதறிப்போனார். "அரை மணி நேரத்துக்கு மேல நின்னுச்சுன்னா ஜாயிண்ட் விழுந்துரும். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும். ஆரம்பிச்சா முடிச்சுத்தான் ஆகணும்."

ரெண்டு மணி. அதற்குள் கேட்க வேண்டும். ஆனால் யாரிடம்?

தயங்கித் தயங்கியே மணி ஒன்றாகிவிட்டது. சிமெண்ட் வைக்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருளாயி அடுப்பு மூட்டியிருந்தாள். கறி கொதித்துக்கொண்டிருந்தது. "உள்ள மல்லித்தூள் டப்பா இருக்கு, எடுத்தா தாயி" என்றாள்.

கொட்டகைக்குள் அப்பாவின் துணிப்பை ஆணியில் தொங்கியது. டப்பாவைத் தேடுகிற சாக்கில் பையைத் திறந்தாள். நோட்டு மேலாகவே இருந்தது. அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான். அந்த நேரத்தில் தப்பு சரி பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

ஹால், அடுப்படி, குளியலறை என்று பக்கம் பக்கமாக அப்பாவின் குண்டு குண்டு எழுத்து. பதினேழாம் பக்கத்தில் அவள் அறை.

"வல்லி ரூம். டியூப் லைட் 1. தையல் மெஷின் பிளக் 1. டேபிள் ஃபேன் பிளக் 1. சீலிங் ஃபேன் கூடாது. லைட்டுக்கு டூ-வே, இன்னொரு சுவிட்ச் எங்கள் கட்டில் தலைமாட்டில். கதவுக்கு உள் தாழ்ப்பாள் வேண்டாம். கதவுக்கு மேல் கண்ணாடி, வெளியிலிருந்து தெரியும்படி."

இரண்டு தடவை படித்தாள். அவளை அனுப்புவதாக இருந்தால் தையல் மெஷினுக்கு எதற்குப் பிளக்? இருக்கத்தான் போகிறாள். இருக்கப் போகிறவளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவள் அறை லைட்டை அப்பா தன் படுக்கையிலிருந்தே போட்டுப் பார்க்கலாம். மேலே கண்ணாடி. ஃபேன் கூடாது. வேண்டாம் என்றுகூட இல்லை, கூடாது.

கூடாது என்ற அந்த வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அங்கிருந்த சிமெண்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதமாக அவள் குளிக்கப் போனால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் அம்மா வெளியே நின்று "வல்லி, வல்லி" என்று கூப்பிட்டது. கொடிக்கயிறு காணாமல் போனது. சாயங்காலம் டீக்கடைக்குப் போய் உட்காருவதை அப்பா நிறுத்தியது. பாசம் என்று நினைத்திருந்தாள். சில நாள் அதே பாசத்தின்மேல் எரிச்சல்கூடப் பட்டிருந்தாள்.

"டப்பா கிடைக்கலையா தாயி?" என்று உள்ளே வந்த இருளாயி, மகள் மடியில் கிடந்த நோட்டைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கரண்டி மண்ணில் விழுந்தது.

"நான் செத்துப்போவேன்னு நினைச்சீகளா ஆத்தா?"

"அந்த வார்த்தையைச் சொல்லாத!" இருளாயி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். வல்லி கையை விலக்கினாள்.

"யாரு சொன்னது?"

"உங்கண்ணன்தான். உன்னையக் கூப்பிட வந்தப்ப அவங்க வீட்ல சொன்னாகளாம். ஸ்டூலைப் போட்டு ஏறி நின்னியாம். நேரத்துக்குக் கதவைத் திறக்கலேன்னா உசுரோட கூட்டிட்டுப் போயிருக்க மாட்டீகன்னு..." இருளாயியால் முடிக்க முடியவில்லை.

"மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!"

"எப்படித்தா கேப்பேன்? கேட்டா உனக்கு அந்த நெனப்புத் திரும்ப வந்துருமோன்னு பயம். மறந்து கிடக்கிறவளுக்கு நாமளே எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு உங்கப்பாவும் சொன்னாரு. பேசாமலே காப்பாத்திருவோம்னு..."

இப்படி ஒரு தப்பை வேறு யார் செய்வார்கள்? அன்பில்லாதவர்கள் செய்ய மாட்டார்கள். அன்பில்லாதவர்கள் ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எனக்கு இந்த இருளாயி மேல் கோபம் வருகிறது, கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"ஸ்டூல்ல ஏறுனேன்தான்" என்றாள் வல்லி.  "காலைல அவரோட சண்டை. என்னைய ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு அவரு உரக்கடைக்கு வியாபாரம் பாக்கப் போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் தொறக்கல. குடிக்கத் தண்ணி இல்ல ஆத்தா. பக்கத்து வீட்ல அஜ்மல் பீவி அக்கா துணி எடுக்க வர்ற சத்தம் கேட்டுச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியா அந்தக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அந்தக்கா வந்து வாசக்கதவைத் தட்டவும்தான் என் மாமியா ஓடியாந்து பூட்டைத் தொறந்துச்சு. பூட்டி வச்சது வெளிய தெரிஞ்சு போச்சில்ல? அதுக்குத்தான் இந்தக் கதை. நான் வாழணும்னு கத்துனேன் ஆத்தா. அதைப் போயி..."

இருளாயி மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளை அடைத்துப் பூட்டியவன் குலத்தையே வாய்க்கு வந்தபடி ஏசினாள். கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் நினைவு வந்து கண்ணைத் துடைத்தாள்.

"இப்பவாச்சும் நம்புறியா?"

"நம்புறேன் தாயி. உன் மேல சத்தியமா நம்புறேன்."

"அப்ப வா, அப்பாகிட்டச் சொல்லி அந்தக் கொக்கியைப் போடச் சொல்லு."

இருளாயி அவள் கையை விட்டுவிட்டாள். "நம்புறேன்தா. ஆனா கொக்கி மட்டும் வேணாம். டேபிள் ஃபேனே இருக்கட்டும். ஆத்தாளுக்காக."

வல்லி நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மணி ஒன்றரை.

ஹால் முடிந்துவிட்டது. அண்ணன் அறையும் முடிந்து, கலவை சாப்பாட்டு இடத்தின் பாதியைத் தாண்டியிருந்தது. சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒதுக்கிக்கொண்டு வல்லி மேலே ஏறினாள்.

தவசி, கலவை வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பைப்பையும் அசைத்துப் பார்த்தபடி முன்னே போய்க்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முதுகெல்லாம் வியர்வை. மகள் கையில் நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கீழ போ தாயி. வெயிலு."

"இந்த ரூமுக்கு ஏம்ப்பா ஃபேன் இல்ல?"

மெஷின் சத்தத்தில் அவள் பேசியது அவருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வடக்கே ஒரு சன்னல், கிழக்கே ஒரு சன்னல். காத்து குறுக்க ஓடும். ஃபேன் தேவைப்படாது."

"தாழ்ப்பாள்?"

"தாழ்ப்பாளு... இந்தக் காலத்துக் கதவு மழையில உப்பிரும். இறுகிக்கிட்டா தொறக்க முடியாது."

"டூ-வே?"

டூ-வே சுவிட்சைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற தவசிக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"யப்பா" என்றாள் வல்லி. "இருபத்தெட்டு வருசத்துல டெஸ்டர் வைக்காம ஒரு வயரை நீங்க தொட்டதுண்டா?"

"இல்ல."

"கரண்டு இல்லைன்னு பக்கத்து ஆளு சத்தியம் பண்ணாலும் தொட மாட்டீக."

"மாட்டேன்."

"அப்புறம் எப்படிப்பா அவங்க சொன்னதை மட்டும் அப்படியே நம்புனீக? மக பக்கத்துலயே இருக்கேன். என்னையக் கேக்கணும்னு தோணலையா?"

கலவை அவள் அறை ஓரத்துக்கு வந்துவிட்டது. முத்திருளன் ஓரத்தில் நின்று, "அண்ணே, தள்ளிக்கங்க" என்று கத்தினார்.

தவசி கையை உயர்த்தினார். முத்திருளன் ஒன்றும் புரியாமல் கீழே பார்த்து விசிலடித்தார். மெஷின் நின்றது. எதிர்பாராமல் வந்த அந்த அமைதியில், வல்லி அடுத்துச் சொன்னது ஏணியில் நின்ற சித்தாள்கள் வரைக்கும் கேட்டுவிட்டது.

"நான் சாகப் போகல. ஸ்டூல்ல ஏறுனது பக்கத்து வீட்டைக் கூப்பிட. என்னையப் பூட்டி வச்சிருந்தாங்கப்பா."

 உபைதுல்லா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கீழே சிமெண்ட் மூட்டை பக்கத்தில் நின்ற கண்ணனுக்கும் கேட்டது.

தவசி மகளைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக, என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். பூட்டு, தண்ணீர் இல்லாதது, அஜ்மல் பீவி, எல்லாம். அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முத்திருளன் மட்டும் கலவையைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அவள் முடித்ததும் தவசி உபைதுல்லா பக்கம் திரும்பினார். "பாய், ஃபேன் பாக்ஸ் இருக்கா?"

"இருக்குண்ணே. நீங்க வேணாம்னப்பவும் ஒண்ணு பையில போட்டுத்தான் வச்சேன். ஃபேன் இல்லாம ஒரு ரூமு நான் இதுவரைக்கும் விட்டதில்ல."

"குடுங்க. நான் கட்டுறேன்."

"வேணாம்ங்க!" கீழேயிருந்து இருளாயியின் குரல். ஏணி அடியில் வந்து நின்றுகொண்டிருந்தாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், அது மட்டும் வேணாம்!"

"பயத்துக்கு வீடு கட்டுனா நாம எல்லாரும் அதுக்குள்ள பூட்டிக் கிடக்கணும் இருளாயி" என்றார் தவசி. "அவளை ஒருத்தன் பூட்டுனது போதும்."

உட்கார்ந்து கம்பிக்கு அடியில் பெட்டியைத் தள்ளி, நடுவில் அளந்து வைத்து, கொக்கிக் கம்பியைக் குறுக்கே கொடுத்து, கட்டுக்கம்பியால் முறுக்கினார்.  பத்து நிமிஷ வேலைக்கு இருபது நிமிஷம் ஆனது. உபைதுல்லா பைப்பை வெட்டி வளைத்துச் சேர்த்தார்.

கொக்கியைக் கட்டி முடித்ததும் பலத்தை இழுத்துப் பார்ப்பது வயர்மேன் வழக்கம். தவசி கொக்கியில் கை வைத்தார். இழுக்க முடியவில்லை. உபைதுல்லா அதைக் கவனித்துவிட்டு, தானே குனிந்து இரண்டு தடவை ஓங்கி இழுத்துப் பார்த்தார்.

"நிக்கும்ணே."

"அந்த டூ-வே பைப்பு..."

"அது கம்பிக்கு அடியில மாட்டிக்கிச்சு, இப்ப எடுக்க வராது. கிடக்கட்டும். வயர் இழுக்காம விட்டுருவோம்."

மெஷின் மறுபடி ஓடியது. கலவை வந்து கொட்டியது. வல்லியின் அறைக் கூரை மூன்றே நிமிஷத்தில் மற்ற அறைகளோடு ஒன்றாகிவிட்டது. சித்தாள் ஒருத்தி சட்டியோடு போகிற போக்கில் வல்லியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இதோடு இந்த வாரத்தை முடித்துக்கொண்டு உங்களை நிம்மதியாக அனுப்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கறிச்சோற்றுக்கு இலை போடுகிற நேரத்தில் தவசி மகனைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். வல்லியும் கூடப் போனாள்.

"அவ ஏறி நின்னதை நீ கண்ணால பாத்தியாடா?"

"இல்லப்பா. அவங்க சொன்னாங்க."

"சரி. கேட்டுட்டு வந்து சொன்ன, நாங்களும் நம்புனோம். தப்பு எல்லாருக்கும்தான். வெள்ளிக்கிழமை அவங்க வரட்டும். நீ ஒண்ணும் சண்டை போட வேணாம். 'நான் எதையும் பாக்கல, நீங்க சொன்னதைத்தான் கேட்டேன்'னு நாலு பேரு முன்னாடி சொல்லிரு. அம்புட்டுத்தான். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

கண்ணன் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சொல்றதுக்கு என்னடா?"

"சொல்ல முடியாதுப்பா."  "அன்னைக்கு இவளை அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நல்லமணி ஒரு பேப்பரை நீட்டுனான். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"என்ன பேப்பரு?"

"இவளுக்குச் சின்ன வயசுல இருந்தே மனசு சரியில்லைன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு தடவை இப்படிப் பண்ணியிருக்கான்னு. அதை மறைச்சுத்தான் நாங்க கட்டிக் குடுத்தோம்னு."

தவசி கொட்டகைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நாலு பெரிய மனுஷர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போகிறார்கள் என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற அப்பன் சொல்லி என்ன பயன், கூடப்பிறந்தவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

வல்லி அண்ணன் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. எப்படியாவது அவனுக்கு ஒரு வழி விட வேண்டும் என்றுதான் தோன்றியது.

"அவசரத்துல போட்டுட்டியாண்ணே? மடிச்சுக் குடுத்தாங்களா? என்ன எழுதியிருக்குன்னு காட்டாம வாங்கிட்டாங்களா?"

மூன்று மாதத்துக்குப் பிறகு கண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன் வல்லி."